பெங்களூருவில் கிறித்தவ வழிபாட்டின் பண்பாட்டேற்பு

பண்பாட்டேற்பு என்பது, கிறித்தவம் தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளாமல், அது வேரூன்றும் மண்ணின் வணக்கமுறை, கலை, விழா ஆகியவற்றைத் தன்னுடையவையாக்கிக்கொள்வதாகும். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி துறவி வேடம் பூண்டு தொடங்கிய இம்முயற்சிக்கு, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு முறையான இடம் அளித்தது. இந்தியாவில் இம்முயற்சியின் களமாக அமைந்தது பெங்களூரு. இந்நகரின் கிழக்குப் பகுதியில், புதுவை மறைமாவட்டத்தைச் சேர்ந்த தமிழரான அருள்பணியாளர் து. ச. அமலோர்பவதாஸ், தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை 1967இல் நிறுவினார்.

இந்திய ஆயர்கள் முன்வைத்த பன்னிரண்டு மாற்றங்களை உரோமை 1969 ஏப்ரல் 25 அன்று ஏற்றது. அவற்றின்படி, காலணி களைந்து தரையில் அமர்ந்து வழிபடலாம். மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றலாம். இரு முழங்கால்களும் இரு கைகளும் நெற்றியும் நிலத்தில் பட வணங்கும் பஞ்சாங்க வணக்கத்தை மன்னிப்பு வழிபாட்டில் சேர்க்கலாம். திருப்பொருள்களை முத்தமிடுவதற்குப் பதிலாக, மூத்தோர் தந்த பொருளைத் தமிழர் ஏற்பதுபோல், விரல்களால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்ளலாம். ஓவியர் ஜோதி சாகியின் கலைப்பணி பெங்களூரு மையத்தின் வழிபாட்டிடத்திலும் இதே நோக்கை வெளிப்படுத்தியது.

இம்மாற்றங்கள் இந்துமயமாக்கல் என்று கத்தோலிக்கருள் ஒரு சாரார் எதிர்த்தனர். ஆயினும், 'இந்தியப் பண்பாடு' என்ற பெயரில் பெரிதும் சமற்கிருத, உயர்சாதி மரபே ஏற்கப்பட்டது என்றும், பறையும் நாட்டார் வழக்கும் வாசலிலேயே நின்றன என்றும் தலித் இறையியலாளர் எழுப்பிய கண்டனமே மிகவும் வலிமையானது. இந்தியத் திருச்சபையில் தலித் மக்களே பெருந்தொகையினர் என்பதால் அதனைப் புறந்தள்ள முடியாது.

அறிஞர் வகுத்த இம்மாற்றங்களுக்கு நெடுங்காலம் முன்பே மக்கள் தாமாகச் செய்துகொண்ட ஏற்பு ஒன்று உண்டு. வேர் பிடித்ததும் அதுவே. கொடியேற்றம், தேர்ப்பவனி, மொட்டை, காது குத்து, நேர்த்திக்கடன், கோயில் முற்றத்தில் பொங்கல் எனத் தமிழகக் கத்தோலிக்கர் கொண்டாடுவன யாவும் அவ்வழி வந்தவை. பெங்களூருவிலும் இவ்வழக்கு உண்டு: சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8 அன்று அன்னையின் தேர் தெருவுக்கு வரும்போது பிற சமயத்தவரும் கைகூப்பி நிற்கின்றனர்.