சொந்த ஆடரங்கு இல்லாத அணி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலே, பசிபிக் மாகடலை நோக்கிய குன்றுகளின் மேல் அமைந்தது சான் பிரான்சிஸ்கோ நகரம். அங்கு 1855 ஆம் ஆண்டில் யேசு சபைக் குருமார் சிறியதொரு கல்விக்கூடத்தை நிறுவினர். அதுவே காலப்போக்கில் வளர்ந்து சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. அண்மையிலுள்ள பேர்க்கிலி, ஸ்ரான்போர்ட் ஆகிய பெரும் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடுமிடத்து மாணவர் தொகையிலும் பொருள் வளத்திலும் அது மிகச் சிறியது. எனினும் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அதன் பெயரைக் கூறாது அப்பாற் செல்ல முடியாது. யேசு சபையாருக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள தொடர்பு நம் நாட்டவருக்கும் புதியதன்று. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர்களும் அமெரிக்காவிலிருந்து வந்த அச்சபைக் குருமாரே.

அணியின் பெயரை நாடு முதன்முதலாக அறிந்தது 1949 ஆம் ஆண்டிலாகும். பீற் நியூவெல் என்னும் பயிற்றுநரின் கீழ் நியூயோர்க் நகரிலே நடைபெற்ற தேசிய அழைப்புப் போட்டியில், சிக்காகோ லொயோலா அணியை 48க்கு 47 என ஒரேயொரு புள்ளியால் வென்று அது வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. நியூவெல் 1950 இல் விலக, அவரிடத்துக்கு வந்தவர் பிலிப் வுல்பேர்ட். அவர் ஏற்ற அணிக்குச் சொந்தமாக ஓர் ஆடரங்குதானும் இருக்கவில்லை. உயர்தரப் பாடசாலையொன்றின் அரங்கை இரவல் வாங்கிப் பயிற்சி செய்தார்கள். போட்டிகளை நகரத்துப் பொது மண்டபங்களில் ஆடினார்கள். வீடற்ற அணி என்று பத்திரிகைகள் அவர்களை அழைத்தன.

இந்த அணிக்கு வந்து சேர்ந்தவர்களுள் முதன்மையானவர் பில் ரசல். லூசியானா மாநிலத்திலே பிறந்து, ஒக்லண்ட் நகரின் வறிய பகுதியில் வளர்ந்த கறுப்பின இளைஞர் அவர். உயரம் 6 அடி 9 அங்குலத்துக்குக் குறையாது. ஆயினும் பாடசாலை நாட்களில் அவருடைய ஆட்டம் எவரையும் கவரவில்லை. அவருக்கு உதவிப் பணம் அளித்துச் சேர்த்துக்கொள்ள முன்வந்த பல்கலைக்கழகம் இது ஒன்றுதான். அவரோடு ஓர் அறையில் வசித்த கே. சி. ஜோன்ஸ் என்பவரும் கறுப்பினத்தவர். மிகுதியாகப் பேசாதவர். இருவரும் பந்தின் போக்கையும் கோணங்களையும் கேத்திர கணித மாணவரைப் போல ஆராய்ந்து பேசுவது வழக்கம். புள்ளி குவிப்பதே திறமை என்று எல்லோரும் எண்ணிய காலத்தில், எதிரியைப் புள்ளி பெறவிடாது தடுப்பதிலும் ஒரு கலை உண்டென இவர்கள் கண்டனர். வுல்பேர்ட்டும் தடுப்பாட்டத்தையே பெரிதாகப் போற்றியவராதலின், மாணவரும் ஆசானும் நன்கு பொருந்தினர்.

1954 டிசம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திடம் 47க்கு 40 என இவ்வணி தோற்றது. அத்தோல்விக்குப் பின்னர் ஈராண்டுகளுக்கு அதனை எவராலும் வெல்ல முடியவில்லை. அந்தப் பருவத்தில் வுல்பேர்ட் ரசலையும் ஜோன்சையும் ஹால் பெரி என்பவரையும் ஒருங்கே களமிறக்கினார். ஐவர் கொண்ட அணியில் மூவர் கறுப்பினத்தவர்! பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அதுவரை இவ்வாறு செய்ததில்லை. வெறுப்புக் கடிதங்கள் பயிற்றுநருக்கு வந்து குவிந்தன.

அம்மாதமே அணி ஒக்லஹோமா நகரத்துப் போட்டிக்குச் சென்றது. அந்நகர விடுதிகள் கறுப்பின வீரருக்கு இடமளிக்க மறுத்தன. வெள்ளையர் மட்டும் விடுதிக்குச் செல்லலாம். மற்றையோர் வேறிடம் தேடலாம் என்பதே அந்நகரின் முறை. வெள்ளைய வீரர் அதனை ஏற்கவில்லை. விடுமுறைக்காக மூடப்பட்டிருந்த கல்லூரி விடுதியொன்றில் அணியினர் யாவரும் ஒன்றாகத் தங்கினர். பயிற்சியின்போது பார்வையாளர் சிலர் வேடிக்கைக்காரருக்கு எறிவதுபோல நாணயங்களை எறிந்தனர். ரசல் அவற்றைப் பொறுக்கியெடுத்து, வைத்திருக்கும்படி பயிற்றுநரிடம் கொடுத்தார். அப்போட்டியிலும் வெற்றி அவர்களுக்கே கிடைத்தது. மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1951 இல், இதே பல்கலைக்கழகத்தின் தோல்வியறியாத உதைபந்தாட்ட அணியும் கறுப்பினத் தோழர் இருவரை விட்டுவிட்டு ஒரு பெரும் போட்டிக்குச் செல்ல மறுத்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

1955 மார்ச்சில் ஒறிகன் ஸ்ரேற் அணியை அதன் சொந்த அரங்கிலேயே 57க்கு 56 என மயிரிழையில் வென்று, இறுதியாட்டத்தில் லா சால் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தார்கள். முந்திய ஆண்டின் வெற்றியாளர் அவர்கள். அவர்களுடைய பெருவீரரான டொம் கோலாவைத் தடுக்கும் பொறுப்பைத் தம்மிலும் பல அங்குலம் உயரம் குறைந்த ஜோன்சிடம் வுல்பேர்ட் ஒப்படைத்தது துணிவான செயல். கோலா 16 புள்ளிகளே பெற்றார். ஜோன்ஸ் 24 புள்ளிகள் குவித்தார். முடிவு 77க்கு 63.

அடுத்த பருவத்தில் ஆடிய 29 ஆட்டங்களிலும் வெற்றி. தகுதி விதியொன்றினால் ஜோன்ஸ் இறுதிச் சுற்றுகளில் ஆட இயலாது போனபோதும், ஐயோவா அணியை 83க்கு 71 என வென்றனர். ஒரு தோல்வியுமின்றித் தேசியப் பட்டம் பெற்ற முதல் அணி இதுவே. 60 ஆட்டங்கள் நீடித்த வெற்றித் தொடரை 1956 டிசம்பரில் இலினோய் அணி முறித்தது. அப்பொழுது ரசலும் ஜோன்சும் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கிவிட்டனர். அம்மாதத் தொடக்கத்தில் மெல்பேணிலே ஒலிம்பிக் தங்கப் பதக்கமும் பெற்றிருந்தனர். ரசலின் ஆற்றலைக் கண்ட ஆட்சிக் குழுவினர், வளையத்தின் முன்னுள்ள தடைப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக விரித்தார்கள். தனியொருவரின் பொருட்டு ஆடுகளத்தின் அளவே மாறியமை அரிதிலும் அரிது. அவ்வணி ஈட்டிய புகழின் பயனாக 1958 இல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்த அரங்கும் கிடைத்தது. வீடு வந்தது, அதனைத் தேடித் தந்தவர்கள் அதில் ஆடவில்லை.

பிற்காலக் கதை அத்துணை இனியதன்று. 1977 இல் முதல் 29 ஆட்டங்களிலும் வென்ற அணி, அதன்பின் நொற்ரடாம் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. அதனையடுத்து, ஆதரவாளர் சிலர் விதிகளுக்கு மாறாக வீரருக்கு உதவி வழங்கியமை ஒருமுறையன்றிப் பலமுறை வெளிப்பட்டது. 1982 இல் பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை ஜோன் லோ ஸ்கியாவோ அணியையே கலைத்துவிட்டார். புறத்தார் எவரும் அதனைக் கட்டளையிடவில்லை. நாடறிந்த ஓர் அணியைத் தன் கையாலேயே மூடுவதற்கு நிறுவனத் தலைவர்களுள் எத்தனை பேர் துணிவர்? 1985 இல் அணி மீண்டும் களம் புகுந்தது. ஆயினும் பழைய உயரத்தை அது எட்டவில்லை. 1998 க்குப் பின் 2022 மார்ச்சிலேதான் தேசியச் சுற்றுப் போட்டியில் அதற்கு மீண்டும் இடம் கிடைத்தது. முதலாட்டத்திலேயே, மேலதிக நேரத்தில், மறே ஸ்ரேற் அணியிடம் தோற்றது. அவ்வாண்டு ஜூலை 31 ஆந் திகதி பில் ரசல் தமது 88 ஆவது வயதில் காலமானார். அவருடைய அறைத் தோழர் ஜோன்ஸ் 2020 ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.