மாசக்கணக்கு

பாட்டி சேமிப்பை வெள்ளியில் சொல்ல மாட்டார், மாசத்தில்தான் சொல்வார். "மூணு மாசத்துக்கு அரிசிக்கு இருக்கு" என்றால் எங்கள் லயத்து வீட்டில் அன்றைக்கு நிம்மதி. மலேசியாவின் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கற்ற முதல் கணக்கு அது.

அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஜப்பான்காரன் காலம். தாத்தாவைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன பிறகு பாட்டி தோட்டை விற்று, கிடைத்த நோட்டுகளைச் சேலை மடிப்பில் வைத்துத் தகரப்பெட்டியில் பூட்டினார். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருக்கும். அதனால் வாழைமர நோட்டு. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பியதும் அது செல்லாக்காசு. கட்டு கட்டாகப் பணம் இருந்தது, ஒரு வேளை அரிசிக்கு வழியில்லை.

1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து, முதலாளி ஐந்து. மழை பெய்து வெட்டு நின்றால் கூலி இல்லாத ஜனத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்குத் தெரியும். அப்பா 55 வயதில் மொத்தமாக எடுத்தார். அன்று சாயங்காலம் கடைக்காரர் எங்கள் 555 கடன் புத்தகத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் பக்கம் பக்கமாகக் குறுக்குக் கோடு இழுத்தார். அம்மா ஆட்டுக்கறி சமைத்தார். அந்த ஓர் இரவு நாங்கள் பணக்காரர்கள்.

அடுத்த வாரம் தோட்டத்துக் கிராணி வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார். வேலை நின்றால் கூரையும் போகும். தோட்டத்து ஏழ்மைக்கு வேர் அதுதான் என்பேன். 1950களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோதும் ஆயிரக்கணக்கானோர் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்காரரான அரசியல் தலைவர் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாசம் பத்து வெள்ளி கட்டி, நூறு வெள்ளிப் பங்கு சேர்த்து, தோட்டத்தை நாமே வாங்கலாம் என்றார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியும் காட்டினார்கள். எங்கள் வீட்டில் அரிசிக்குப் போக அந்தப் பத்து வெள்ளி மிஞ்சவில்லை.

அப்பாவின் பணம், உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் ஆறு வருசம் வந்திருக்கும். தாப்பா டவுனில் மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டிய பிறகு ஒன்பது மாசம் வந்தது.

சேமநிதி வாரியம் 2019இல் 55 வயதுக்கான அடிப்படைச் சேமிப்பை 240,000 ரிங்கிட் என்று வைத்தது. மாசம் ஆயிரம், 240 மாசம். பாட்டி போட்ட அதே கணக்கு! வாடகைக்கு இருப்பவருக்கு அந்த ஆயிரம் எந்த மூலைக்கு? கொவிட் வந்து, 2020 முதல் 2022 வரை நான்கு திட்டங்களில் சேமநிதிப் பணத்தை எடுக்க விட்டார்கள். முதல் திட்டத்தில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி மாசம் 500 எடுத்தாள். அறை வாடகை 400. மிச்சம் நூறு, அரிசிக்கு.