விஷுவல் கெய் இசைக்குழுக்களும் பேஸ் கிதாரும்: வீட்டு இசையிலிருந்து மேடை வரை

விஷுவல் கெய் என்பது 1980களில் ஜப்பானில் உருவான ஒரு ராக் இசை மரபு ஆகும். "கெய்" என்னும் ஜப்பானியச் சொல் வகை அல்லது மரபு எனப் பொருள்படும். உயர்த்தி நிறுத்திய வண்ணத் தலைமுடி, அடர்த்தியான முகப்பூச்சு, ஆண் பெண் வேறுபாட்டைக் கலைத்துவிடும் ஆடைகள் ஆகியவை இம்மரபின் புற அடையாளங்கள். இசையைப் பொறுத்தவரை இதற்கு ஒரே இலக்கணம் கிடையாது. ஹெவி மெட்டல், பங்க், கோத்திக் ராக், மேலைச் செவ்வியல் இசை, ஜப்பானிய மெல்லிசை ஆகிய யாவும் இதில் கலந்துள்ளன.

பெற்றோரையும் பள்ளியையும் எதிர்த்து இளைஞர் எழுப்பிய கலகக் குரலாகவே இம்மரபு பெரும்பாலும் விவரிக்கப்படுகிறது. ஆயினும் முதன்மைக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் வேறொன்றையும் காட்டுகின்றன. அவர்களின் முதல் கருவி, முதல் இசைப்பயிற்சி, முதல் முதலீடு ஆகியவை பல நேரங்களில் வீட்டிலிருந்தே வந்தன. இசைக்குழுவில் அதிகம் கவனிக்கப்படாத பேஸ் கிதாரும் இம்மரபில் தனி இடம் பெற்றது.

முன்வரலாறு

ஜப்பானிய வீடுகளில் மின்கிதார் எளிதில் நுழைந்துவிடவில்லை. 1965 சனவரியில் அமெரிக்கக் குழுவான தி வென்ச்சர்ஸ் ஜப்பானில் நிகழ்த்திய இசைப்பயணத்தைத் தொடர்ந்து "எலெக்கி" எனப்பட்ட மின்கிதார் மோகம் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டில் தொச்சிகி மாநிலத்தின் அஷிகாகா நகரக் கல்விக்குழு, தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மின்கிதார் வாங்குவதற்கும் இசைப்பதற்கும் தடை விதித்தது. மின்கிதார் மாணவர்களைத் தீயவழியில் செலுத்தும் என்பது அக்காலப் பெரியவர்களின் பரவலான கருத்து.

இதன் பின் வந்த "குரூப் சவுண்ட்ஸ்" இசைக்குழுக்களும் இதே எதிர்ப்பைச் சந்தித்தன. ஆண்டின் கடைசி நாள் இரவில் குடும்பத்தினர் ஒன்றாகப் பார்க்கும் கோஹாகு என்னும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில், தலைமுடி வெட்டி ஒழுங்காக உடுத்திய புளூ காமெட்ஸ் குழுவுக்கு இடம் கிடைத்தது. நீண்ட முடி வைத்திருந்த தி டைகர்ஸ் குழுவுக்குக் கிடைக்கவில்லை. டைகர்ஸ் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான கிஷிபே இத்தோக்கு ஆவார். 1969ஆம் ஆண்டில் அவருடைய தம்பி ஷிரோவும் அக்குழுவில் சேர்ந்தார். குழுவின் பாடகர் சவாடா கென்ஜி பின்னர் தனியாகப் பாடியபோது முகப்பூச்சுடனும் விந்தையான ஆடைகளுடனும் தொலைக்காட்சியில் தோன்றினார். 1980இல் வெளிவந்த அவரது "டோக்கியோ" பாடலுக்குப் பாராசூட்டை முதுகில் சுமந்து நின்றது பலருக்கும் நினைவில் நிற்கும் காட்சி. விஷுவல் கெய் தலைமுறையினர் சிறுவர்களாக வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தது இதைத்தான்.

பெயரும் தோற்றமும்

இம்மரபின் முன்னோடிகளாக எக்ஸ், பக்-டிக், டெட் எண்ட், டெர்லாங்கர், கலர் ஆகிய குழுக்கள் குறிப்பிடப்படுகின்றன. எக்ஸ் குழுவை 1982ஆம் ஆண்டில் சிபா மாநிலத்தின் தத்தேயாமா ஊரில் யோஷிகி, தோஷி என்னும் பால்ய நண்பர்கள் தொடங்கினர். இக்குழு பின்னர் எக்ஸ் ஜப்பான் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 1989இல் வெளியான இக்குழுவின் "புளூ பிளட்" இசைத்தொகுப்பின் உறையில் "விஷுவல் ஷாக்" என்னும் தொடர் இடம்பெற்றிருந்தது. விஷுவல் கெய் என்னும் பெயர் அத்தொடரிலிருந்தே பிறந்ததாகக் கருதப்படுகிறது. 1990இல் தொடங்கப்பட்ட "ஷாக்ஸ்" இதழ் இப்பெயரைப் பரப்பியது.

1986ஆம் ஆண்டில் இம்மரபின் இரு முக்கியமான தனியார் இசைத்தட்டு நிறுவனங்கள் தோன்றின. கலர் குழுவின் டைனமைட் டாமி ஃப்ரீ-வில் நிறுவனத்தையும், யோஷிகி எக்ஸ்டசி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தையும் தொடங்கினர். லூனா சீ, கிளே ஆகிய குழுக்கள் எக்ஸ்டசி வழியாகவே முதலில் அறிமுகமாயின.

குடும்பங்களின் இசை ரசனை

யோஷிகியின் குடும்பம் கிமோனோ ஆடைக்கடை நடத்தியது. அவருடைய தந்தை ஜாஸ் பியானோ வாசிப்பவர். யோஷிகி நான்கு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது தந்தை தற்கொலை செய்துகொண்டார். அந்தத் துயரிலும் சினத்திலும் சிறுவன் கிஸ் குழுவின் இசைத்தட்டுகளை நாடினான். டிரம்ஸ் வாசிக்கவும் தொடங்கினான். தாய் தடுக்கவில்லை. புடோகான் அரங்கில் நடைபெற்ற கிஸ் குழுவின் நிகழ்ச்சிக்கு மகனை அழைத்துச் சென்றவரே அவர்தான். பிற்காலத்தில் எக்ஸ்டசி நிறுவனத்துக்கு முதலீடு தந்தவரும் அவரே.

இந்த இரு ரசனைகளும் எக்ஸ் குழுவின் இசையில் அருகருகே நிற்கின்றன. அதிவேக டிரம்ஸ் ஓசைக்கு நடுவே திடீரெனப் பியானோ ஒலிப்பது இக்குழுவின் அடையாளம். 1993இல் வெளிவந்த "ஆர்ட் ஆஃப் லைஃப்" 29 நிமிடங்கள் நீளும் ஒரே பாடல். அதில் லண்டனின் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவும் பங்கேற்றது. 1999ஆம் ஆண்டில் பேரரசர் அக்கிஹித்தோ அரியணை ஏறிய பத்தாம் ஆண்டு விழாவுக்குப் பியானோ இசைப்படைப்பு ஒன்றை இயற்றி யோஷிகி வாசித்தார். 2011இல் கிமோனோ வடிவமைப்பிலும் இறங்கினார். தந்தை விட்டுச்சென்ற பியானோ, ஆடைக்கடை இரண்டையும் மகன் தன் வழியில் தொடர்ந்தார் எனலாம்.

எக்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஹிடே, அமெரிக்கக் கடற்படைத் தளம் அமைந்த யோக்கோசுக்கா நகரைச் சேர்ந்தவர். பதினைந்து வயதளவில் அவரும் கிஸ் இசையால் ஈர்க்கப்பட்டார். அவருடைய முதல் மின்கிதாரான கிப்சன் லெஸ் பால் டீலக்ஸை வாங்கித் தந்தவர் பாட்டி.

லூனா சீ குழுவின் சுகிசோவின் நிலை வேறு. அவருடைய பெற்றோர் இருவரும் டோக்கியோ மாநகர சிம்பொனி இசைக்குழுவின் கலைஞர்கள். மூன்று வயதிலேயே அவருக்கு வயலின் பயிற்சி தொடங்கியது. வளர்ந்தபின் அவர் மின்கிதாரைத் தேர்ந்தெடுத்தாலும் வயலினைக் கைவிடவில்லை. லூனா சீ பாடல்களில் கேட்கும் வயலின் அவர் வாசித்ததே. 2009இல் எக்ஸ் ஜப்பான் குழுவிலும் இணைந்து, அங்கும் வயலின் வாசித்தார்.

பக்-டிக் குழுவின் தாளம் ஒரே வீட்டைச் சேர்ந்தது. பேஸ் கிதார் வாசிக்கும் ஹிகுச்சி யுத்தாக்காவும் டிரம்ஸ் வாசிக்கும் யாகாமி தோலும் உடன்பிறந்தவர்கள். 1983இல் குன்மா மாநிலத்தின் ஃபுஜியோக்கா ஊரில் இக்குழு தொடங்கியபோது சக்குராய் அத்சுஷி டிரம்ஸ் வாசித்தார். 1985இல் அவர் பாடகராக மாறியதும், காலியான இடத்துக்கு யுத்தாக்காவின் அண்ணன் வந்தார். அன்று அமைந்த ஐவர் கூட்டணி 2023 வரை மாறவே இல்லை. பக்-டிக் என்னும் பெயர், பட்டாசைக் குறிக்கும் "பக்குச்சிக்கு" என்னும் ஜப்பானியச் சொல்லின் விளையாட்டு வடிவம் ஆகும்.

பேஸ் கிதாரின் இடம்

பேஸ் கிதார் பொதுவாக நான்கு தந்திகளைக் கொண்டது. கிதாரின் தடித்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி தாழ்வாக இதற்குச் சுருதி கூட்டப்படுகிறது. தந்தியின் வழக்கமான அதிர்வு நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். 1951இல் வெளிவந்த ஃபெண்டர் நிறுவனத்தின் பிரசிஷன் பேஸ் இக்கருவிக்கு இன்றைய வடிவைத் தந்தது. டிரம்ஸின் தாளத்தையும் கிதாரின் சுரத்தையும் இணைப்பது இதன் பணி. இது ஒலிப்பதைக் கேட்பவர் பெரும்பாலும் தனியே உணர்வதில்லை; நின்றுவிட்டால் மட்டும் பாட்டு வெறுமையாகிவிடுவதை உணர்வர்.

ராக் இசைக்குழுக்களில் பேஸ் கலைஞர் பெரும்பாலும் பின்வரிசையில் நிற்பார். விஷுவல் கெய் மேடை இதை மாற்றியது. ஐந்து உறுப்பினருக்கும் தனித்தனி ஆடை, தனித்தனி நிறம், தனித்தனி பாத்திரம் என அமைந்ததால் பேஸ் கலைஞருக்கும் தனி ரசிகர்கள் உருவாயினர். அரங்கின் வலப்பக்கம் "கமித்தே", இடப்பக்கம் "ஷிமோத்தே" எனப்படும். கிதார் கலைஞர் ஒரு பக்கமும் பேஸ் கலைஞர் மறுபக்கமும் நிற்பது வழக்கம். தமக்குப் பிடித்தவர் நிற்கும் பக்கத்திலேயே இடம்பிடிக்க ரசிகர்கள் முந்துவர். "பாங்யா" எனப்படும் இந்த ரசிகர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்.

எக்ஸ் குழுவின் தாய்ஜி, வேகமான மெட்டல் பாடல்களுக்குள் தந்தியைக் கட்டைவிரலால் அடித்தும் பிற விரலால் இழுத்தும் வாசிக்கும் "ஸ்லாப்" முறையைக் கொண்டுவந்தார். "புளூ பிளட்" தொகுப்பில் உள்ள "எக்ஸ்கிளமேஷன்" என்னும் கருவியிசைப் படைப்பு இதற்குச் சான்று. 1991இல் வெளியான "ஜெலசி" தொகுப்பில் "வாய்ஸ்லெஸ் ஸ்க்ரீமிங்" பாடலுக்கு இசையமைத்து, அதில் அக்கூஸ்டிக் கிதாரும் வாசித்தார். 1992 சனவரியில் அவர் குழுவை விட்டு விலக, ஹீத் அவருடைய இடத்துக்கு வந்தார்.

லூனா சீ குழுவின் ஜே, கருவியை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி மாட்டிக்கொண்டு, பிக் கொண்டு அழுத்தமாக வாசிப்பவர். அக்குழு அவரும் பள்ளித் தோழரான கிதார் கலைஞர் இனோரனும் 1986இல் தொடங்கியது. 1991இல் ஒசாக்காவில் லார்க்-ஆன்-சியெல் குழுவை அமைத்த தெத்சுயா, பேஸ் கலைஞரே குழுவின் தலைவராகவும் இருக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு. பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டாக அமையும் அவரது வாசிப்பு பலராலும் பின்பற்றப்பட்டது. எனினும் தம் குழுவை விஷுவல் கெய் என அழைப்பதை அவர் ஏற்கவில்லை.

கருவித் தொழில்

இக்குழுக்களின் வளர்ச்சி ஜப்பானியக் கருவித் தொழிலோடு இணைந்தது. 1969இல் தொடங்கப்பட்ட ஃபெர்னாண்டஸ், 1975இல் டோக்கியோவில் தொடங்கப்பட்ட ஈஎஸ்பி ஆகிய நிறுவனங்கள், புகழ்பெற்ற கலைஞர்களின் பெயரில் சிறப்புக் கருவிகளை விற்றன. ஃபெர்னாண்டஸ் ஹிடேயின் கிதார்களையும், ஈஎஸ்பி லூனா சீயின் ஜே, டிர் என் கிரே குழுவின் தோஷியா, தி கெசட் குழுவின் ரெய்த்தா முதலியோரின் பேஸ் கிதார்களையும் தயாரித்தன. ஈஎஸ்பி தன் எட்வர்ட்ஸ், கிராஸ்ரூட்ஸ் வணிகப்பெயர்களில் அதே தோற்றமுள்ள மலிவான கருவிகளையும் விற்றது. இதனால் பள்ளி மாணவர்கள் தாம் விரும்பும் கலைஞரின் கருவியைப் பெற்றோரிடம் கேட்டு வாங்க முடிந்தது.

பாடலின் எல்லாக் கருவிகளுக்குமான குறிப்புகளை அச்சிட்ட "பேண்ட் ஸ்கோர்" நூல்களும் கடைகளில் கிடைத்தன. உயர்நிலைப் பள்ளிகளின் மெல்லிசை மன்றங்களில் மாணவர்கள் இவற்றைக் கொண்டு பயின்றனர். அறுபதுகளில் ஒரு கல்விக்குழு தடைசெய்த கருவி, ஒரு தலைமுறைக்குள் பள்ளி மன்றத்துக்கே வந்துவிட்டது. ஃபெர்னாண்டஸ் நிறுவனம் 2024 சூலையில் திவாலானது.

வரவேற்பறைக்கு வந்த இசை

1991 திசம்பர் 31 அன்று எக்ஸ் குழு முதன்முறையாகக் கோஹாகு நிகழ்ச்சியில் பங்கேற்றது. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒன்றாக அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சியில், டைகர்ஸ் குழுவுக்கு மறுக்கப்பட்ட இடம் அதைவிட மிகையான தோற்றம் கொண்ட ஒரு குழுவுக்குக் கிடைத்தது. 1997 திசம்பர் 31 அன்று டோக்கியோ டோம் அரங்கில் இறுதி நிகழ்ச்சியை முடித்த எக்ஸ் ஜப்பான், அதே இரவில் கோஹாகு மேடையில் பாடிப் பிரிந்தது. 1998 மே 2 அன்று ஹிடே இறந்தார். சுக்கிஜி ஹொங்கன்ஜி கோயிலில் நடந்த அவரது இறுதிச்சடங்குக்கு ஏறத்தாழ 50,000 பேர் திரண்டனர்.

2012 முதல் 2015 வரை கோல்டன் பாம்பர் குழு நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கோஹாகுவில் "மெமெஷிக்குத்தே" என்னும் ஒரே பாடலைப் பாடியது. இது கருவி வாசிக்காத குழு. உத்தஹிரோபா ஜுன் மேடையில் பேஸ் வாசிப்பதுபோல் நடிப்பவர். விஷுவல் கெய் குடும்பத்தினர் சேர்ந்து சிரித்து மகிழும் பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டதை இது காட்டுகிறது. மறுபுறம், 2003இல் தொடங்கிய எக்ஸிஸ்ட் டிரேஸ் குழுவில் ஐவரும் பெண்களே. ரசிகையரின் இடத்திலிருந்து பெண்கள் மேடைக்கே வந்ததற்கு இக்குழு ஓர் அடையாளம்.

இழப்புகளும் தொடர்ச்சியும்

இம்மரபின் பேஸ் கலைஞர்கள் பலர் இளம் வயதிலோ நடுவயதிலோ மறைந்தனர். வெர்சாய் குழுவின் ஜாஸ்மின் யூ 2009 ஆகத்தில் இறந்தார். 2010 ஆகத்தில் நிசான் அரங்கில் நடந்த எக்ஸ் ஜப்பான் நிகழ்ச்சிகளில் தாய்ஜி விருந்தினராகத் தோன்றி, தம் இடத்துக்கு வந்த ஹீத்துடன் ஒரே மேடையில் வாசித்தார். அடுத்த ஆண்டு சூலையில் சைப்பான் தீவில் தாய்ஜி இறந்தார். ஹீத் 2023 அக்டோபர் 29 அன்று புற்றுநோயாலும், ரெய்த்தா 2024 ஏப்ரல் 15 அன்று 42 வயதிலும் மறைந்தனர்.

2023 அக்டோபர் 19 அன்று பக்-டிக் பாடகர் சக்குராய் அத்சுஷி 57 வயதில் இறந்தார். குழு கலையவில்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே புடோகான் அரங்கில் நிகழ்ச்சி நடத்தியது. கிதார் கலைஞர்களான இமாய் ஹிசாஷியும் ஹோஷினோ ஹிதேஹிக்கோவும் பாடும் பொறுப்பை ஏற்க, 2024 திசம்பரில் "சப்ரோசா" இசைத்தொகுப்பு வெளிவந்தது. பாடும் குரல் மாறியது. அடியில் ஒலிக்கும் தாளம் 1985இல் இணைந்த அதே அண்ணன் தம்பியுடையது.