பென்சென் கோழியும் கறிக்கோழியும்: காஹாங் அடுப்பில் ஒரு கணக்கு

ஜோகூரில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கிறது காஹாங். எண்டாவ்-ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்களுக்கு இது கம்போங் பெத்தாவுக்குத் திரும்பும் ஊர். மற்றவர்களுக்குச் செம்பனைத் தோட்டங்களும் பெல்டா குடியேற்றங்களும் சூழ்ந்த ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான். இங்கே ஆறு வாய் உள்ள ஒரு தமிழ் வீட்டில் ராத்திரிச் சோற்றுக்குக் கறி வேண்டுமென்றால் அதிகம் யோசிக்க இடமில்லை. ஆட்டிறைச்சி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து உறைந்து வருவது; அதன் விலைக்குத் தீபாவளியும் விசேஷமும்தான் கட்டும். மாட்டிறைச்சி பல வீடுகளில் அடுப்பேறாது. மிச்சம் கோழி.

கோழியிலும் மலிவுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லாரும் வாங்கும் கறிக்கோழி. மற்றொன்று, பண்ணையில் முட்டையிட்டு ஓய்ந்தபின் விற்பனைக்கு வரும் கிழட்டுக் கோழி. மலாய்க்காரர்கள் அதை 'அயாம் பென்சென்' என்பார்கள். நம்மவர்களுக்கும் அது பென்சென் கோழிதான். இரண்டில் எது மலிவு என்று கேட்டால் தராசு ஒரு பதில் சொல்லும், அடுப்பு வேறொரு பதில் சொல்லும்.

முதலில் இரண்டின் பிறப்பு வளர்ப்பைப் பார்த்துவிடலாம். கறிக்கோழி 35 முதல் 42 நாளில் ஏறத்தாழ இரண்டு கிலோ எடைக்கு வந்து வெட்டுக்குப் போய்விடும். முட்டைக்கோழி அப்படி இல்லை. 18 முதல் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேல் கிட்டத்தட்ட நாளுக்கொன்று என்று இட்டுக்கொண்டே இருக்கும். 72 வாரம், 80 வாரம் என்று போகும்போது முட்டை குறையும். நாளொன்றுக்கு அது தின்னும் நூறு கிராமுக்கு மேற்பட்ட தீனி மட்டும் குறையாது. பண்ணைக்காரர் அன்றைக்கே கணக்கை முடித்துவிடுவார். ஜோகூரில் யோங் பெங் வட்டாரம் முட்டைப் பண்ணைகளுக்குப் பெயர் போனது. இப்படிப்பட்ட மாநிலத்தில் பென்சென் கோழிக்குப் பஞ்சம் வராது. ஆக ஒரே சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இந்த இரண்டுக்கும் வயதில் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். மற்ற வேற்றுமை எல்லாம் இதிலிருந்து பிறப்பதுதான்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கேயே ஒதுக்கிவிட வேண்டும். பென்சென் கோழி கெட்டியாக இருப்பதால் அது கம்பத்துக் கோழிக்குச் சமம், 'இயற்கை'யானது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சமம் இல்லை. அதுவும் கூண்டில் நின்று, அதே சோளமும் சோயாவும் தின்று வளர்ந்த பண்ணைக் கோழிதான். கம்பத்துக் கோழி முற்றத்தில் கிளறித் திரிந்ததால் கெட்டி. இது வயதானதால் கெட்டி. அதேபோல், கறிக்கோழி ஊசி போட்டு ஊத வைத்தது என்ற பேச்சும் சரியல்ல. அதன் வேகமான வளர்ச்சி பல தலைமுறைத் தேர்வினாலும் தீனியினாலும் வந்தது. வளர்ச்சி ஹார்மோனால் அல்ல. உடம்புக்கு நல்லது என்று சொல்லி ஒரு கோழிக்குக் கூடுதல் விலை கேட்டால், கம்பத்துக் கோழி தவிர மற்றவற்றுக்கு அந்த வாதம் செல்லாது.

விலைக்கு வருவோம். 2022இல் மலேசியக் குடும்பங்கள் கோழி விலையை நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தன. உக்ரைன் போரினால் தீனித் தானியங்களின் விலை ஏற, பண்ணைகள் தடுமாறின. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அரசாங்கம் மாதம் 36 லட்சம் கோழிகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. உயிர்க்கோழிக்கு நம்மையே பெரிதும் நம்பியிருந்த சிங்கப்பூர் திகைத்தது. ஜூலை 1 முதல் 'ஸ்டாண்டர்ட்' கோழிக்குக் கிலோ 9.40 வெள்ளி என்று உச்சவரம்பு வந்தது. 2023 நவம்பர் 1இல் அந்த விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இன்று சந்தையில் விலை ஏறி இறங்கும் என்பதால், நான் கணக்குக்கு அந்த 9.40ஐயே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். 1.6 கிலோ கோழி 15 வெள்ளிக்குச் சற்று மேல். ஆறு பேருக்குத் தலைக்கு இரண்டரை வெள்ளி. அரிசி, மசாலா, தேங்காய் தனி.

பென்சென் கோழி இதைவிட மலிவு. எவ்வளவு மலிவாக இருந்தால் வாங்கலாம் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கறிக்கோழியின் நெஞ்சு சதைக்காகவே வளர்க்கப்பட்டது. சுத்தம் செய்த கோழியில் மூன்றில் இரண்டு பங்கு தின்னக்கூடிய சதை என்று வைக்கலாம். முட்டைக்கோழியின் தீனியோ முட்டைக்குப் போயிற்று. நெஞ்சு ஒட்டிப்போயிருக்கும், எலும்பு கனமாக இருக்கும், வயிற்றுக்குள் மஞ்சள் கொழுப்பு கட்டியாகக் கிடக்கும். அதில் சதை பாதி தேறினால் பெரிது. பாதியை மூன்றில் இரண்டால் வகுத்தால் முக்கால். அதாவது, கறிக்கோழியின் கிலோ விலையில் முக்கால் பங்குக்குக் கீழே பென்சென் கோழி கிடைத்தால்தான் சதைக்குச் சதை அது மலிவு. கறிக்கோழி 9.40 என்றால் இது 7 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. ஒரு கோழி இவ்வளவு என்று உருப்படிக் கணக்கில் சொன்னால், எடை போடச் சொல்லிப் பாருங்கள்.

இது சதைக் கணக்கு மட்டும். அடுப்புக் கணக்கு வேறு.

வயதான கோழி ஏன் ரப்பர் போல் இழுக்கிறது? சதை நார்களைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். வயது ஏற ஏற அந்த இழைகளுக்குள் குறுக்குப் பிணைப்புகள் கூடும், இறுகும், சூட்டுக்கு மசியாமல் நிற்கும். கறிக்கோழியில் அவை உருவாகக்கூட நேரமில்லை. அதனால் 25 நிமிடத்தில் வெந்துவிடுகிறது. கிழட்டுக் கோழியில் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆக, ஈரச் சூடு நெடுநேரம் வேண்டும். திறந்த சட்டியில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. பிரஷர் குக்கருக்குள் 120 டிகிரியை நெருங்கும். அந்த இருபது டிகிரி இரண்டு இரண்டரை மணி நேர வேலையை 35, 40 நிமிடமாகக் குறைத்துவிடும். கரைந்த ஜெலட்டின்தான் சாற்றுக்கு உதட்டில் ஒட்டும் அடர்த்தியைத் தருகிறது. கறிக்கோழிக் குழம்பு எவ்வளவு மசாலா போட்டாலும் தண்ணீராக நிற்பதற்குக் காரணம் அது இல்லாததுதான்.

கேஸ் செலவாகுமே என்பார்கள். பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் 14 கிலோ சிலிண்டர் மானிய விலையில் 26.60 வெள்ளி, கிலோ 1.90. வீட்டு அடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் 200 கிராம் போகும் என்றே வைப்போம், 38 சென். இரண்டரை மணி நேரம் எரித்தாலும் ஒரு வெள்ளிதான். ஆகக் கேஸைக் குறை சொல்ல வேண்டாம். விலை வேறிடத்தில் இருக்கிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8.72. அடுப்பருகே கூடுதலாக நிற்கும் ஒரு மணி நேரத்தை அந்தக் கணக்கில் பார்த்தால், அது ஏறக்குறைய ஒரு கிலோ கறிக்கோழி. அந்த மணி நேரத்துக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை என்பதனால் அது இலவசம் ஆகிவிடாது. தோட்ட வேலையோ தொழிற்சாலை ஷிப்டோ முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம், 'கிழட்டுக் கோழி மலிவு, வாங்கிச் சமை' என்று சிக்கனம் போதிப்பது சுலபம். அந்தப் போதனை பெரும்பாலும் சமைக்காதவர்களிடமிருந்தே வருகிறது.

என்றாலும் பென்சென் கோழியைத் தள்ளிவிட முடியாது. ஒரு தடவை அடுப்பில் ஏற்றி இரண்டு ராத்திரிக்குச் சமைக்கிறவர்களுக்கு அது கைகொடுக்கும். வாரக் கடைசியில் முழுக் கோழியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகு, உப்புடன் குக்கரில் மூழ்க நீர் விட்டு, விசில் வந்தபின் தீயைக் குறைத்து 40 நிமிடம். வீட்டுப் பின்புறம் பப்பாளி மரம் இருந்தால் பச்சைக் காயில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று உள்ளே போடலாம். அதிலுள்ள நொதி புரதத்தை உடைக்கும். அதிகம் போட்டால் கறி கூழாகும். மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துத் தனியே வைக்க வேண்டும், தாளிப்புக்கு எண்ணெய் மிச்சம். முதல் ராத்திரி அந்தச் சாற்றில் பாதி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுச் சூப்பாகவோ ரசமாகவோ சோற்றோடு. தொட்டுக்கொள்ள கழுத்தும் சிறகும். மறு ராத்திரி, எலும்பிலிருந்து உருவிய சதையைச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, அரைத்த மிளகாயோடு அதே கொழுப்பில் பெரட்டல். உருளைக்கிழங்கு இரண்டு சேர்த்தால் ஆறு பேருக்கு எட்டும். மீதிச் சாறு பருப்பிலோ கத்தரிக்காய்க் குழம்பிலோ போய்விடும். ஓய்ந்த கோழியானாலும் வயிற்றுக்குள் சிலசமயம் ஓடு கட்டாத மஞ்சள் கருக்கள் சரம் சரமாக இருக்கும். அதற்குப் பிள்ளைகள் சண்டை போடாத வீடு இல்லை. அவற்றைக் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் சாற்றில் விட்டு எடுக்க வேண்டும். சாற்றை அடுப்பு மேலேயே விடிய விடிய விட்டுவிடாமல், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுவது முக்கியம். காஹாங் வெக்கைக்கு அதைவிடப் பொறுமை கிடையாது.

செய்யக் கூடாதது ஒன்றுதான். பென்சென் கோழியை நேரடியாக வதக்கி, கறித்தூள் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைப்பது. கறி வேகும் நேரத்துக்குள் பால் திரிந்து எண்ணெய் மிதக்கும், மசாலா கசக்கும், துண்டு மட்டும் பல்லோடு மல்லுக்கு நிற்கும். மலாய்க்காரர்கள் பெருநாள் ரெண்டாங்குக்கு இதே கோழியைத் தேடிப் போகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு: ரெண்டாங்கில் பால் திரிந்து எண்ணெய் பிரிய வேண்டும் என்பதே முறை. மணிக்கணக்கில் கிளறினாலும் கறி உடையாமல் நிற்க வேண்டும். கறிக்கோழி அந்தச் சட்டியில் பாதி வழியிலேயே நாராகிவிடும். சீனர் வீடுகளில் நல்ல சூப்புக்குக் கிழட்டுப் பெட்டையைத்தான் கேட்பார்கள். நாமோ இளங்கோழிப் பிரியர்கள்; தமிழ்நாட்டில் முட்டைக்கு வரும் தறுவாயில் உள்ள வெடக்கோழிக்குத்தான் மரியாதை. முட்டைப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்ற நாமக்கல் வட்டாரத்திலும் ஓய்ந்த கோழிகள் மலிவுக் கறியாகச் சந்தைக்குப் போகின்றன. விருந்துக்கு அவற்றை யாரும் பெருமையாக வைப்பதில்லை. இதில் நம் அண்டை அடுப்புகளிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது என்பதே என் எண்ணம்.

கறிக்கோழிக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அதன் பலம் வேகம். வேலை நாளில் அரை மணி நேரத்தில் சோறும் குழம்பும் இறங்க வேண்டிய வீட்டுக்கு அதைவிட்டால் வேறில்லை. அதன் குறை, மெலிந்த சாறு. அதற்கு மருந்து அதே கோழியிடமே இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டுக் காலத்தில் 'ஸ்டாண்டர்ட்' என்றது தலை, கால், ஈரல், இரைப்பையோடு வரும் கோழியை. அவை நீங்கியது 'சூப்பர்'. கால் வேண்டாம், தலை வேண்டாம் என்று கடையிலேயே விட்டு வருகிறவர்கள், காசு கொடுத்ததில் ஒரு பகுதியை விட்டு வருகிறார்கள். கோழிக் கால் முழுக்கத் தோலும் தசைநாரும். கொலாஜன் மிகுதியாக உள்ள இடம் அதுதான். நகம் வெட்டி, வெந்நீரில் மேல்தோல் உரித்த நாலைந்து கால்களைக் குக்கரில் தனியே 20 நிமிடம் வேகவைத்து, அந்த நீரில் குழம்பு வைத்துப் பாருங்கள். கறிக்கோழிக் குழம்புக்கும் உடம்பு வந்துவிடும். தொடையும் காலும் கலந்து வாங்கினால், நெஞ்சு மட்டும் வாங்குவதைவிடக் குழம்பு ருசிக்கும். நெஞ்சுக் கறி இரண்டு நிமிடம் கூடினாலே வறண்டுவிடும். ஈரலும் இரைப்பையும் மிளகுப் பெரட்டலுக்கு. இரைப்பை வேக நேரமெடுக்கும், ஈரல் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் மணலாகும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டுச் சட்டியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

முன்னொரு காலம் என்றால் இந்த ஒப்பீடே தேவைப்பட்டிருக்காது. லயத்து வீட்டுப் பின்னால் பத்துக் கோழி மேய்ந்தது; முட்டை நின்ற கோழி எதுவோ அது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்து, லயங்களை விட்டு அடுக்குவீடுகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்த பிறகு, கோழி வளர்க்கும் முற்றம் போயிற்று. கிழட்டுக் கோழியைச் சமைக்கும் கைப்பழக்கமும் அதோடு பாதி போயிற்று. பாட்டிகள் மண்சட்டியில் விறகுத் தீயில் மதியம் முழுக்க வைத்ததை இன்று குக்கர் முக்கால் மணி நேரத்தில் செய்துவிடும். ஆனால் நேரே குழம்பு வைத்து ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுபடி அந்தக் கோழியை வாங்குவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. வேலை நாட்களுக்குக் கறிக்கோழி. தொடையும் காலுமாக, தலை கால் ஈரலைக் கடையில் விடாமல் வாங்குங்கள். ஓய்வு நாளுக்குப் பென்சென் கோழி. வீட்டில் குக்கர் இருந்தால், இரண்டு ராத்திரிக்குப் பிரித்துச் சமைக்க மனமிருந்தால் மட்டும். கறிக்கோழி விலையில் முக்காலுக்கு மேல் கேட்கும் கடைக்காரரிடம் பேரம் பேசுங்கள். இறங்காவிட்டால் கறிக்கோழியையே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.