பன்றி வேட்டைக்கு வந்த ரெண்டு நாய்கள், டாக்டர் செலவு ரெண்டு விதம்

"மாமா, கிரேட் டேன் வாங்கவா, ராஜபாளையம் வாங்கவா? எதுக்கு டாக்டர் செலவு கம்மி?" சென்னையில இருக்குற தங்கச்சி மகன் போன்ல கேட்டான். ரெண்டையும் வளர்த்தவன் நான். கணக்குக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை சொல்லணும்.

ரெண்டும் ஒரே வேலைக்கு உருவான நாய்கள். காட்டுப்பன்றி வேட்டை. கிரேட் டேன் டென்மார்க் நாய் இல்லை. ஜெர்மானியப் பிரபுக்கள் பன்றி வேட்டைக்கு வளர்த்தது. ராஜபாளையம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல, ஜமீன் காலத்தில் பன்றி விரட்டவும் காவலுக்கும் இருந்தது. 2005-ல் அஞ்சல் தலையிலும் வந்துவிட்டது.

வேட்டை ஓய்ந்த பிறகுதான் பாதை பிரிந்தது. அங்கே கண்காட்சிக்காக உருவம் பெரிசாக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இனம் சேர்த்தார்கள். இங்கே வெள்ளைத் தோல், இளஞ்சிவப்பு மூக்கு இருந்தால்தான் மதிப்பு என்றார்கள். இன்றைய செலவு அந்த ஆசைகளிலிருந்து வருவதுதான்.

கணக்கைப் பாருங்க. வெறிநோய்த் தடுப்பூசி ரெண்டுக்கும் அதே 1 மில்லிதான். ஆனா குடற்புழு மாத்திரை பொதுவா 10 கிலோ எடைக்கு ஒண்ணு. என் ராஜபாளையம் 30 கிலோ, மூணு மாத்திரை. கிரேட் டேன் 60 கிலோ, ஆறு. ஆன்டிபயாட்டிக், மயக்க மருந்து எல்லாமே எடைக் கணக்குத்தான். ஆயுளும் பெரும்பாலும் 7-லிருந்து 10 வருஷம்தான்.

எங்க கிரேட் டேன் பேரு மணி. ஒரு ராத்திரி தின்னுட்டு ஓடினவன், வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கி முக்கிப் பார்த்தான், ஒண்ணும் வரலை. மாட்டுக்கு உப்புசம் வந்தா எண்ணெய் புகட்டுவோம், அதையே நினைச்சு உட்கார்ந்திருந்தேன். நாய்க்கு இரைப்பையே முறுக்கிக்கும், சில மணி நேரத்துல ஆபரேஷன் பண்ணணும்னு எனக்குத் தெரியாது. விடியறதுக்குள்ள போயிட்டான். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வர்ற நோய் இது. ராஜபாளையத்துக்கும் வரலாம், ஆனா கிரேட் டேனுக்குத்தான் ஆபத்து ரொம்ப அதிகம்.

அப்போ ராஜபாளையம் செலவில்லாத நாயா? பில்லில் வராத செலவு ஒண்ணு இருக்கு. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வந்துவிடும். உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாததால் வர்ற கோளாறு, வைத்தியம் கிடையாது. வைத்தியம் இல்லைன்னா செலவும் இல்லை. அதனாலேயே அப்படிப்பட்ட குட்டிகளைச் சத்தமில்லாம ரோட்டில் விட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

மருமகனுக்குச் சொன்னது இதுதான்: கிரேட் டேன்னா, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு முதல்ல பாரு. ராஜபாளையம்னா, குட்டியைத் தனியா எடுத்து, அது பார்க்காதபடி பின்னாடி நின்னு கை தட்டிப் பாரு. திரும்பலைன்னாலும் அதை வளர்க்க மனசிருக்கான்னு உன்னையே கேட்டுக்கோ.