சைக்ளோஸ்டைலில் பிறந்த வில்லன்

1932. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் பொருளாதாரப் பெருமந்தத்தில் திணறிக்கொண்டிருந்தது. இலவச ரொட்டிக்கு ஆண்கள் தெருவில் வரிசை கட்டி நின்றார்கள். கிளென்வில் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஜெர்ரி சீகல் விஞ்ஞானக் கதைகளாக எழுதித் தள்ளினான். பத்திரிகைகளுக்குப் போனவை போன வேகத்தில் திரும்பி வந்தன. அந்த ஜூன் மாதம், பழைய துணிக்கடை வைத்திருந்த அவனுடைய அப்பா, கடையில் நடந்த திருட்டின்போது சரிந்து விழுந்து இறந்துபோனார். ஜெர்ரி எழுதுவதை நிறுத்தவில்லை. யாரும் போடாத கதையைத் தானே போட்டுவிடுவது என்று துணிந்தான்.

படம் போட நண்பன் ஜோ ஷஸ்டர் கிடைத்தான். கிட்டப்பார்வைக்காரன். காகிதம் வாங்கக் காசில்லாமல், பொட்டலத் தாளிலும் சுவரில் ஒட்டும் தாளின் பின்பக்கத்திலும் வரைந்து பழகியவன். ஸ்டென்சிலில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட வீட்டுத் தயாரிப்புகளுக்கு 'ஃபேன்சின்' என்ற பெயரே 1940-ல்தான் வரப்போகிறது.

1933 ஜனவரியில் மூன்றாம் இதழ் வந்தது. அதில் ஜெர்ரி எழுதிய கதை இது: ரொட்டி வரிசையில் நின்ற ஒரு பரதேசிக்கு ஒரு பேராசிரியர் விசித்திர மருந்தைக் கொடுக்கிறார். பிறர் மனதைப் படிக்கும் சக்தி வந்துவிடுகிறது. உலகையே ஆளத் துடிக்கிறான். மருந்தின் வீரியம் தீர்ந்ததும் பழையபடி ரொட்டி வரிசைக்கே திரும்புகிறான். ஜோ அவனை வழுக்கைத் தலை வில்லனாக வரைந்தான். ஐந்தே இதழ்களில் பத்திரிகை நின்றது. அந்தக் கதைத் தலைப்பின் ஒரு வார்த்தை மட்டும் ஜெர்ரியை விடவில்லை.

அந்த வார்த்தைக்குரியவன் நல்லவனாக இருந்தால்? அதே ஆண்டில் வில்லனைக் கதாநாயகனாக்கி காமிக்ஸ் வரைந்தார்கள். சிகாகோ பதிப்பகம் ஒன்று ஆசை காட்டிவிட்டுக் கையை விரித்தது. மனம் வெறுத்த ஜோ பக்கங்களை நெருப்பில் போட்டான். ஜெர்ரியால் மீட்க முடிந்தது அட்டையை மட்டும்தான்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். 1934-ல் நாயகன் வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவனானான்; சர்க்கஸ் பயில்வான்களைப் போல இறுக்கமான உடையும், தோளில் ஒரு அங்கியும் ஏறின. நாளிதழ்களுக்குச் சித்திரத் தொடர் விற்கும் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவனைத் திருப்பி அனுப்பின. நான்கு ஆண்டுகள் ஓடின.

1938 தொடக்கத்தில் நியூயார்க் பதிப்பகம் ஒன்றுக்குப் புதிய மாத இதழை நிரப்ப அவசரமாகப் பக்கங்கள் தேவைப்பட்டன. நாளிதழுக்காக வரைந்த கட்டங்களை இருவரும் வெட்டி ஒட்டி 13 பக்கங்களாக்கினார்கள். கிடைத்தது 130 டாலர். அத்தோடு நாயகனின் உரிமையும் கைவிட்டுப் போனது.

ஜூன் 1938 தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 10 சென்ட் விலையில் கடைக்கு வந்தது. அட்டையில் ஒருவன் காரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டிருந்தான். ஜெர்ரியை விடாத வார்த்தைதான் அவன் பெயர்: சூப்பர்மேன்.

படைத்தவர்கள் என்ற பெயரையும் ஓய்வூதியத்தையும் பெற இருவரும் 1975 வரை போராட வேண்டியிருந்தது. 2024-ல் அந்த முதல் இதழின் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வழுக்கைத் தலையும் வீண்போகவில்லை. 1940-ல் செம்பட்டை முடியோடு அறிமுகமான பரம எதிரி லெக்ஸ் லூதர், அடுத்த ஆண்டே மொட்டைத் தலையனானான். பெரிய பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பையனுக்கு, முதல் முயற்சியைத் தப்பும் தவறுமாகச் செய்துபார்க்க ஐந்து இதழ் ஆயுள் கொண்ட ஒரு சைக்ளோஸ்டைல் பத்திரிகை இடம் கொடுத்தது. சூப்பர்மேனின் உண்மையான தாய்வீடு அதுதான்.