உழவர் மன்னர் டினிஸ்



போர்த்துகல் என்றவுடன், 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமாவே நம் நினைவுக்கு வருகிறார். பள்ளியில் சரித்திரம் கற்பித்த காலமெல்லாம் நானும் அவரிடமிருந்தே பாடத்தைத் தொடங்கி வந்தேன். ஆனால் அவருக்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே அந்நாட்டை உருவாக்கிய மன்னர் ஒருவர் வாழ்ந்தார். அவரைப் பற்றியே இன்று கூற விழைகின்றேன்.

டினிஸ் என்பது அவர் பெயர். 1261-இல் பிறந்த அவர், 1279-இல் தம் 17-ஆம் வயதில் அரியணை ஏறி, ஏறத்தாழ 46 ஆண்டுகள் ஆண்டார். வேளாண்மையை வளர்த்தமையால் 'உழவர்' என்னும் பட்டம் அவருக்கு நிலைத்தது. 1290-இல் லிஸ்பன் நகரில் பல்கலைக்கழகம் கண்டார். 1308-இல் அது கோயிம்பிராவுக்கு மாறியது. தாமே கவிஞராகவும் விளங்கினார். அவர் இயற்றியவையாக 137 பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. 1297-இல் காஸ்டில் நாட்டுடன் செய்த அல்கனீசஸ் உடன்படிக்கையால் எல்லை வகுத்தார். அன்று வகுத்த எல்லையே பெரும்பாலும் இன்றும் நிற்கின்றது. அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் லெய்ரியா பைன் காட்டின் பெரும்பகுதி 2017-ஆம் ஆண்டுத் தீயில் எரிந்தது. எல்லையும் பல்கலைக்கழகமும் அழியவில்லை.

இத்தகைய பெருமன்னர் தம் இல்லத்தில் மட்டும் எல்லை வகுக்கத் தவறினார். 1282-இல் அவர் மணந்தவர் அரகான் நாட்டு இளவரசி இசபெல். பின்னாளில், 1625-இல், திருச்சபை புனிதராக அறிவித்த அம்மையார். அவர்களுடைய மகன் அபோன்சோ 1291-இல் பிறந்தார். எனினும் மன்னரின் அன்பு, மணவுறவுக்கு வெளியே பிறந்த மற்றொரு மகனான அபோன்சோ சாஞ்சஸ்மீதே மிகுந்திருந்தது. தந்தையைப் போலவே அவரும் கவி பாடினார். அரண்மனையின் உயர்ந்த பதவியையும் பெற்றார். அரியணை கைநழுவுமோ என்று இளவரசர் அஞ்சினார். 1319-இல் போர் மூண்டது. 1323-இல் லிஸ்பனை அடுத்த அல்வலாடேயில் தந்தை படையும் மகன் படையும் எதிரெதிரே நின்றன. அரசி இசபெல் இடையே புகுந்து தடுத்தார் என்பது அந்நாட்டு மரபு. 1324-இல் அமைதி ஏற்பட்டது. மறு ஆண்டு ஜனவரியில் மன்னர் மறைந்தார். அரியணை ஏறிய அபோன்சோ, சாஞ்சஸின் உடைமைகளைப் பறித்து அவரை நாடு கடத்தினார்.

ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள். இந்த வரலாற்றைப் படிக்குந்தோறும் என் வகுப்பறை ஒன்று கண்முன் வருகின்றது. நன்றாகக் கட்டுரை எழுதிய மாணவன் ஒருவனையே நான் நாள்தோறும் எழுந்து படிக்கச் சொல்வேன். ஊக்கமளிப்பதாக எண்ணியிருந்தேன். அவன் அருகே அமர்ந்திருந்த மற்றொரு சிறுவன் எழுதுவதையே நிறுத்திவிட்டான் என்பதை ஆண்டிறுதியில்தான் கண்டேன். பிழை அச்சிறுவனுடையதன்று, என்னுடையது.

தந்தையை எதிர்த்து வாளெடுத்த அபோன்சோவும் தப்பவில்லை. 1355-இல் அவருடைய மகன் பெட்ரோ அவரையே எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே விரைந்து கற்கின்றனர். பெற்றோரும் ஆசிரியரும் நினைவிற்கொள்ளத்தக்க பாடம் இது.